எல்லாவற்றுக்கும் வார்சார்(255) போட்டால் என்ன ஆகும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலை, வேட்டி, மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் துணி ஆகியவற்றை விற்கும் ஓர் இணையக் கடை. இந்தியாவுக்குள் மட்டுமின்றி இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவுக்கும் அனுப்புகிறார்கள். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8. ஐடிகளுக்கு இன்ட் (முழு எண்), விலைக்கு ஃப்ளோட் (தோராயமான தசம எண்), தேதிகளுக்கு டைம்ஸ்டாம்ப், மீதி எல்லாவற்றுக்கும் வார்சார்(255), அதாவது 255 எழுத்து வரை ஏற்கும் சரம். "எல்லாம் ஓடுகிறதே, டேட்டா டைப்பை மாற்றியே ஆக வேண்டுமா?"

ஓடத்தான் செய்யும். தவறான டைப் வைத்த அன்றைக்கே எந்த டேட்டாபேஸும் சண்டைக்கு வருவதில்லை. மதிப்பு எல்லையைத் தாண்டும்போது, அதைக் கூட்டும்போது, ஒப்பிடும்போது, இன்னொரு மென்பொருளுக்கு அனுப்பும்போதுதான் வினை தெரியும். அதற்குள் டேபிளில் லட்சக்கணக்கில் பதிவுகள் சேர்ந்திருக்கும். ஆகவே மாற்றுங்கள், ஆயிரக்கணக்கில் இருக்கும்போதே மாற்றுங்கள்.

ஒவ்வொரு புலத்துக்கும் (டேபிளின் நெடுவரிசைக்கும்) முன்னால் நின்று கேட்க வேண்டியது: இந்த மதிப்பை வைத்து என்ன செய்யப் போகிறேன்? கூட்டுவேனா, வரிசைப்படுத்துவேனா, சமமா என்று மட்டும் பார்ப்பேனா, அப்படியே எடுத்துக் காட்டினால் போதுமா? டைப் பெரும்பாலும் இந்தப் பதிலிலேயே முடிவாகிவிடும். எத்தனை எழுத்து, எத்தனை பைட் என்பதெல்லாம் அதற்கு அடுத்த வேலை.

பணம்

ஃப்ளோட்டை முதலில் தூக்குங்கள். ஒற்றைத் துல்லிய ஃப்ளோட்டில் எண்ணின் இலக்கங்களுக்கு மொத்தம் 24 பிட்தான் உண்டு. மதிப்பு 1,31,072-ஐத் தாண்டியதும் அதனால் பிடித்து வைக்கக்கூடிய அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1/64, அதாவது 0.015625 ஆகிவிடுகிறது. ஒரு பைசாவைவிடப் பெரிய இடைவெளி. ஒரு மொத்த வியாபாரி ரூ. 1,50,000.35-க்கு ஆர்டர் போட்டால் உள்ளே பதிவாவது 1,50,000.34375. மைஎஸ்க்யூஎல் ஃப்ளோட்டை ஆறு இலக்கத்துக்குச் சுருக்கிக் காட்டுவதால் திரையில் 150000 என்று மொட்டையாகத் தெரியும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸின் 12-ஆம் பதிப்பிலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் 150000.34 என்று வரும். இரண்டுமே நீங்கள் எழுதிய தொகை இல்லை.

இரட்டைத் துல்லிய டபுள் போட்டால் இந்த எல்லை வெகுதூரம் தள்ளிப் போகும். ஆனால் 0.1, 0.2 எல்லாம் இரும எண்ணில் முடிவே இல்லாத பின்னங்கள்; இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004. "செலுத்திய தொகையும் பில் தொகையும் சமமா" என்று கோடில் ஒரு ஒப்பீடு இருந்தால் அது பொய் என்று வரும். முழுப் பணம் கட்டியவரின் ஆர்டர் "பாக்கி" நிலையிலேயே நிற்கும்.

விலைக்கும் தொகைக்கும் டெசிமல்(12,2) வையுங்கள். மொத்தம் 12 இலக்கம், அதில் தசமத்துக்கு 2. கிட்டத்தட்ட 1,000 கோடி வரை தாங்கும். டெசிமல்(10,2) பத்துக் கோடிக்கு ஒரு பைசா குறைவான தொகையோடு நின்றுவிடும். தனிப் பொருளின் விலைக்கு அது தாராளம், ஆண்டு மொத்தத்தைச் சேர்த்து வைக்கும் அறிக்கை டேபிளுக்குப் பத்தாமல் போகலாம். மைஎஸ்க்யூஎல்லில் முன்னதற்கு 6 பைட், பின்னதற்கு 5 பைட். ஒரு பைட்டுக்காகக் கஞ்சத்தனம் வேண்டாம்.

வரி விகிதத்துக்கு இன்ட் வைப்பது அடிக்கடி காணும் பிழை. ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் மத்திய, மாநிலப் பங்கு தலா 2.5. பட்டை தீட்டாத விலையுயர்ந்த கற்களுக்கு 0.25 சதவீதம், அதில் பாதி 0.125. துணிக்கடைக்கு அந்தக் கற்கள் வரப்போவதில்லை. என்றாலும் விகிதத்துக்கு டெசிமல்(6,3) வைத்துவிட்டால் பிறகு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கணக்கிட்ட வரித் தொகையைப் பில்லின் ஒவ்வொரு வரிக்கும் தனியாகச் சேமியுங்கள். பொருள் டேபிளில் உள்ள இன்றைய விலையையும் விகிதத்தையும் வைத்துப் பழைய பில்லை மறுபடி கணக்கிட்டால், விலை மாறிய மறுநாளே பழைய பில்களும் மாறிவிடும்.

தொகையைப் பைசாவாக மாற்றி பிக்இன்ட்டில் (இன்ட்டைவிடப் பெரிய முழு எண்) வைப்பதும் சரியான வழியே. ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற பணப் பரிவர்த்தனைக் கேட்வேக்கள் தொகையை அந்தந்தக் கரன்சியின் மிகச்சிறிய அலகில் முழு எண்ணாகத்தான் கேட்கின்றன. ஆனால் எல்லாக் கரன்சியையும் 100-ஆல் பெருக்க முடியாது. ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை அலகு இல்லை, குவைத் தினாருக்கு 1,000 ஃபில்ஸ். எந்த வழியில் போனாலும் பக்கத்தில் சார்(3)-இல் (நீளம் மாறாத சரம்) ஒரு கரன்சி குறியீடு இருக்கட்டும். ரூபாய் என்று மட்டும் எழுதி வைத்தால் அது இந்திய ரூபாயா இலங்கை ரூபாயா என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

டேபிளில் டெசிமல் வைத்துவிட்டு, கோடில் கோட்டைவிடுவதும் உண்டு. நோட்.ஜேஎஸ் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) டேட்டாபேஸ் டிரைவர்கள் டெசிமல் மதிப்பைச் சரமாகத் தருவது தெரிந்தே செய்வது. அதை ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக மாற்றி 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும். தசமத்தை வெட்டினால் 1998. கேட்வேக்கு ஒரு பைசா குறைவாகப் போகும். டெசிமலுக்கென்றே இருக்கும் லைப்ரரியில் கணக்குப் போடுங்கள், இல்லையேல் கூட்டல் பெருக்கலை எஸ்க்யூஎல்லிலேயே முடித்துவிடுங்கள்.

அளவும் இதே வகைதான். சேலைக்கு அளவு 1, 2 என்று போகும். அதனால் எல்லோரும் இன்ட் வைத்துவிடுவார்கள். மீட்டர் துணிக்கு ஒருவர் 2.5 மீட்டர் கேட்டால், மைஎஸ்க்யூஎல் அதை இன்ட் புலத்தில் 3 என்று முழுமையாக்கிக்கொள்ளும். 2.25 கேட்டால் 2. ஸ்டிரிக்ட் மோட் (பொருந்தாத மதிப்பை மறுக்கும் அமைப்பு) இருந்தாலும் இதற்குப் பிழை காட்டாது. டெசிமல்(9,3) வைத்து, "மீட்டர்", "எண்ணிக்கை" என்ற அலகைத் தனிப் புலத்தில் வையுங்கள். இருப்பு டேபிளிலும் அதே டெசிமல்(9,3) இருக்க வேண்டும். விற்பனையில் தசமமும் இருப்பில் முழு எண்ணும் இருந்தால் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்.

எண் போல வேடம் போடுபவை

இலக்கமாக இருப்பதெல்லாம் எண் இல்லை. கூட்டிப் பார்க்க மாட்டீர்கள் என்றால் அதைச் சரமாக வையுங்கள்.

இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கங்கள். இன்ட்டின் உச்சம் 2,14,74,83,647. அன்சைன்ட் (எதிர்மறை எண் இல்லாதது) ஆக்கினாலும் 4,29,49,67,295. ஆக எந்த இந்தியக் கைபேசி எண்ணும் இன்ட்டில் அடங்காது. மைஎஸ்க்யூஎல் 5.7-லிருந்து ஸ்டிரிக்ட் மோட் இயல்பாகவே இருப்பதால் இன்று பிழை காட்டும். அது அணைந்திருக்கும் பழைய சர்வர்களில் எண்ணை உச்ச வரம்புக்கு வெட்டிச் சேமித்துவிடும். வாடிக்கையாளர் பட்டியலில் பலருக்கும் 2147483647 என்ற ஒரே தொலைபேசி எண் இருந்தால் காரணம் இதுவே. பிக்இன்ட் வைத்தால் அடங்கும், ஆனால் இலங்கை எண்களின் முன்னாலுள்ள 0 விழுந்துவிடும். சர்வதேச எண் விதிப்படி நாட்டுக் குறியீட்டோடு அதிகபட்சம் 15 இலக்கம், முன்னால் ஒரு கூட்டல் குறி. வார்சார்(16) சரியாக இருக்கும். சேமிக்கும் முன்பே இடைவெளி, கோடு எல்லாம் நீக்கி '+91', '+94' என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஆள் இரண்டு கணக்காகப் பதிவாவார்.

அஞ்சல் குறியீடும் அப்படித்தான். இந்தியப் பின்கோடு 0-இல் தொடங்காது, அதனால் இன்ட்டிலும் பிழைத்துப்போகும். கொழும்பு 1-இன் குறியீடு 00100. இன்ட் அதை 100 ஆக்கிவிடும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் வரும் சுழியங்களுக்கும் இதே கதி. ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து, பான் 10, ஜிஎஸ்டி எண் 15; இவை நீளம் மாறாதவை, சார் போடலாம். இலங்கைத் தேசிய அடையாள அட்டையில் பழைய எண் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது 12 இலக்கம், அதற்கு வார்சார்(12). ஆதார் எண்ணைத் துணிக்கடை சேமிக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. தொலைபேசிப் புலத்தை வார்சார் ஆக்கிய பிறகும் தேடும் குவரியில் எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால், மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு பதிவின் சரத்தையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாது, டேபிள் முழுக்கத் தேடும். குவரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயினை ஓட்டினால் டைப் என்ற இடத்தில் 'ஆல்' என்று தெரியும். மேற்கோள்குறி போட்டால் நொடியில் வரும். போஸ்ட்கிரெஸ் கறார், டைப் பொருந்தவில்லை என்று பிழையே காட்டிவிடும். அதுவே மேல்.

தமிழ் எழுத்தும் அதன் பைட்டும்

மைஎஸ்க்யூஎல்லில் நெடுங்காலமாக 'யூடிஎஃப்8' என்ற பெயரில் இருந்தது, ஓர் எழுத்துக்கு 3 பைட் வரை மட்டும் ஏற்கும் அரைகுறை எழுத்துக் குறிமுறை. தமிழ் யூனிகோட் எழுத்துகள் சரியாக 3 பைட். ஆகவே சோதிக்கும்போது எல்லாம் அழகாக வரும். வாடிக்கையாளர் ஒருவர் விமர்சனத்தில் ஒரு இமோஜி போட்டதும் 1366 என்ற பிழை எண்ணோடு சேமிப்பு நிற்கும், ஏனென்றால் இமோஜிக்கு 4 பைட். மைஎஸ்க்யூஎல் 8-இல் இயல்பு நிலை, 4 பைட்டையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4. ஆனால் பழைய டம்ப் கோப்பிலிருந்து ஏற்றிய டேபிள்கள் பழைய வடிவத்திலேயே இருக்கும். டேட்டாபேஸ், டேபிள், புலம், கனெக்‌ஷன் என்று நான்கு இடத்திலும் பாருங்கள். கனெக்‌ஷன் மட்டும் லத்தீன்1-ஆக (தமிழ் இல்லாத பழைய குறிமுறை) இருந்து, தமிழ் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அதை மீட்க வழியே இல்லை. உள்ளே இருப்பது உண்மையிலேயே கேள்விக்குறி.

அடுத்தது நீளம். மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் வார்சார்(50) என்றால் 50 யூனிகோட் குறிகள். "தமிழ்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. டேபிளுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள், 15 பைட். ஆகவே ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து அளவிட்ட நீளத்தை அப்படியே தமிழுக்குப் போடாதீர்கள். ஆரக்கிளில் நிலைமை இன்னும் கடுமை: இயல்பு அமைப்பில் நீளம் பைட் கணக்கு, எனவே 50 என்று போட்டால் 16 தமிழ்க் குறிகள்தான் பிடிக்கும்.

டெக்ஸ்ட் டைப்பின் உச்சம் 65,535 பைட். தமிழில் 21,845 குறிகள். பொருள் விளக்கத்துக்கு அது போதும். சில எடிட்டர்கள் தமிழை 'த' என்ற பாணியில் மாற்றிச் சேமிக்கும்; த என்ற ஓர் எழுத்துக்கு அப்போது 7 பைட். நீண்ட கட்டுரைகள் நடுவில் அறுந்து நிற்கும் டேபிளில் முதலில் இதைப் பாருங்கள். வலைப்பதிவு, கட்டுரை என்றால் மீடியம்டெக்ஸ்ட் வைத்துவிடுங்கள், 16 எம்பி வரை போகும். போஸ்ட்கிரெஸில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே டெக்ஸ்டுக்கும் வார்சாருக்கும் வேக வித்தியாசம் கிடையாது. நீள வரம்பு வியாபார விதியாக இருந்தால் மட்டும் எண் போடுங்கள்.

பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். "கொ" என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம். ககரம், எகரக் குறி, துணைக்கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டாக ஒப்பிட்டால் வேறு. "கொற்கை" என்று தேடினால் பாதிப் பொருள்கள் வராமல் போக இது காரணமாகலாம். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒருங்கிணைத்த வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. "ஸ்ரீ" அப்படித் தீராது: ஸகரத்தில் எழுதியதும் ஶகரத்தில் எழுதியதும் என்எஃப்சிக்குப் பிறகும் வேறு வேறுதான். தேடலுக்கென்று தனிப் புலம் வைத்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். கொலேஷனையும் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) சோதியுங்கள்: 'கல்' = 'கல' என்று ஒரு செலக்ட் ஓட்டினால் 0 வர வேண்டும். 1 வந்தால் அந்தக் கொலேஷன் தமிழ்ப் பெயர்களின் மேல் யூனிக் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) போட லாயக்கில்லை.

பெயருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு புலம் பிரித்து, இரண்டாவதைக் கட்டாயம் என்று வைப்பது நம் ஊருக்குப் பொருந்தாது. இனிஷியல் மட்டும் உள்ளவர் அங்கே ஒரு புள்ளியைப் போட்டுவிட்டுப் போவார். வார்சார்(150)-இல் முழுப் பெயர் ஒன்று போதும்.

அந்த 255 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம். மைஎஸ்க்யூஎல் வார்சாரின் நீளத்தைக் குறிக்க 255 பைட் வரை 1 பைட்டும், அதற்கு மேல் 2 பைட்டும் எடுக்கும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று இருந்த காலத்து எல்லை அது. யூடிஎஃப்8எம்பி4-இல் ஓர் எழுத்துக்கு 4 பைட் வரை கணக்கு என்பதால் அந்தக் கோடு 63 எழுத்திலேயே வந்துவிடுகிறது. 255-க்கு இன்று தனி மகிமை ஏதுமில்லை. பழைய கோடில் காணும் 191-உம் இந்தக் கணக்கே: இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) இண்டெக்ஸின் பழைய வரம்பு 767 பைட், அதை 4-ஆல் வகுத்தால் 191. இப்போதைய டைனமிக் வடிவத்தில் வரம்பு 3,072 பைட், அதாவது 768 எழுத்து.

மின்னஞ்சலுக்கு வார்சார்(254). கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக் கூடாது என்பது தெரிந்ததே. அதன் ஹேஷுக்கு (திருப்பி மீட்க முடியாத மாற்றுருவம்) வார்சார்(255) வையுங்கள், இந்த ஒரு புலத்துக்கு அது பொருந்தும். பிகிரிப்ட் என்ற முறையின் ஹேஷ் 60 எழுத்து. ஆர்கான்2 அதைவிட நீளம். 50 வைத்து, ஸ்டிரிக்ட் மோடும் இல்லையென்றால் ஹேஷ் அறுந்து சேமிக்கப்படும், சரியான கடவுச்சொல்லுக்கும் கதவு திறக்காது. பிகிரிப்ட் உள்ளே வாங்குவது 72 பைட் மட்டும். தமிழில் கடவுச்சொல் வைப்பவருக்கு அது 24 குறியோடு முடிகிறது.

நேரம்

டைம்ஸ்டாம்ப் 4 பைட், யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிச் சேமித்து, எடுக்கும்போது கனெக்‌ஷனின் நேர மண்டலத்துக்கு மாற்றித் தரும். எல்லை 2038 ஜனவரி 19, யூடிசி 03:14:07. ஆர்டர் போட்ட நேரத்துக்கு இன்னும் சில ஆண்டு ஓடும். உத்தரவாதம் முடியும் நாள், சந்தா முடியும் நாள் போன்ற எதிர்காலத் தேதிகளுக்கு இன்றைக்கே ஆபத்து. டேட்டைம் 5 பைட், 9999 வரை போகும். ஆனால் மண்டலம் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். டேட்டைம் வைத்து, எழுதும் ஒவ்வொரு இடத்திலும் யூடிசியில் எழுதுவது என்று ஒரே விதியாக வையுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் யோசிக்காமல் டைம்ஸ்டாம்ப்டிஇசெட். பெயரைப் பார்த்து அது மண்டலத்தையும் சேர்த்துச் சேமிப்பதாக நினைக்க வேண்டாம். யூடிசியாக மாற்றி வைத்துக்கொள்கிறது, அவ்வளவே.

பிறந்த நாள், திருமண நாள் போன்றவை நேரம் இல்லை, வெறும் தேதி. டேட் டைப் போடுங்கள். ஜனவரி 15 என்ற தேதியை ஜாவாஸ்கிரிப்டில் இந்திய நேர நள்ளிரவாக உருவாக்கி ஐஎஸ்ஓ வடிவத்தில் அனுப்பினால், யூடிசியில் அது ஜனவரி 14, 18:30. சர்வர் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் பிறந்த நாள் ஒரு நாள் முன்னால் போய்விடும். லண்டனில் இருப்பவருக்குக் குளிர்காலத்தில் இந்தப் பிழை வராது என்பதால் வெளிநாட்டு டியூட்டோரியல்கள் பலவற்றில் இது கண்ணில் படுவதே இல்லை.

எதிர்காலத்தில், ஓர் ஊரின் கடிகாரப்படி நடக்க வேண்டியவை தனி ரகம். கொழும்பில் காலை 10 மணிக்கு டெலிவரி என்றால் உள்ளூர் நேரத்தையும் 'ஏசியா/கொலம்போ' என்ற மண்டலப் பெயரையும் சேர்த்து வையுங்கள். மண்டல விதிகள் மாறும்: இலங்கை 1996-இல் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றியது, 2006 ஏப்ரலில் மறுபடி +5:30-க்கு வந்தது. அன்று யூடிசியில் மட்டும் சேமித்து வைத்திருந்த முன்பதிவுகள் எல்லாம் அரை மணி தள்ளிப் போயிருக்கும்.

"நாள் முடிவு" என்பதற்கு 23:59:59.999 என்று எழுதும் லைப்ரரிகள் உண்டு. தசம விநாடி இல்லாத டேட்டைம் புலத்தில் மைஎஸ்க்யூஎல் அதை மேல்நோக்கி முழுமையாக்கும். டிசம்பர் 31-இல் முடிய வேண்டிய தள்ளுபடி ஜனவரி 1, 00:00:00 என்று பதிவாகும். அறிக்கைகளில் "தொடக்கத்துக்குச் சமம் அல்லது மேல், அடுத்த நாள் தொடக்கத்துக்குக் கீழ்" என்று எழுதிப் பழகினால் இந்த வம்பே இல்லை.

ஐடி

புதிய டேபிளுக்கு பிக்இன்ட். விவாதமே தேவையில்லை. பேஸ்கேம்ப் 3 என்ற சேவை 2018 நவம்பர் 8-ஆம் தேதி கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் படிக்க மட்டும் முடிகிற நிலையில் முடங்கியது. நிகழ்வுகளைப் பதியும் டேபிளின் இன்ட் ஐடி 2,147,483,647-ஐத் தொட்டதே காரணம். பேஸ்கேம்ப் எழுதப்பட்ட ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க்கே 2017-இல் 5.1 பதிப்பில் இயல்பு ஐடியை பிக்இன்ட்டாக மாற்றியிருந்தது. பழைய டேபிள்கள் பழையபடியே இருந்தன. துணிக்கடைக்கு 214 கோடி ஆர்டர் வராது என்பது சரி. ஆனால் லாக், நோட்டிஃபிகேஷன், கூடையில் சேர்த்து நீக்கியவை போன்ற டேபிள்கள் வேறு வேகத்தில் வளரும். தோற்றுப்போன இன்செர்ட்டும் ஆட்டோ இன்க்ரிமென்ட் (தானாகக் கூடும்) எண்ணைத் தின்னும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஃபாரின் கீயும் (இன்னொரு டேபிளின் ஐடியைச் சுட்டும் புலம்) அதே டைப்பாக, அதே அன்சைன்டாக இருக்க வேண்டும். லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் 5.8-லிருந்து ஐடி பிக்இன்ட். பழைய மைக்ரேஷனில் (டேபிளை உருவாக்கும் கோப்பு) இன்ட் என்று எழுதிய புலத்தை அதோடு இணைத்தால் 1215 அல்லது 3780 பிழை வரும். இணையத்தில் கேட்கப்படும் ஃபாரின் கீ சந்தேகங்களில் பெரும்பங்கு இதுதான்.

பிக்இன்ட்டை ஜேசனாக (டேட்டாவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) பிரவுசருக்கு அனுப்பும்போது ஜாவாஸ்கிரிப்ட் 9,007,199,254,740,991 வரைதான் பிசகாமல் பிடிக்கும். 1, 2, 3 என்று வளரும் ஐடிக்குக் கவலையில்லை. நேரத்தை உள்ளடக்கி உருவாக்கும் 64 பிட் ஐடிகளின் கடைசி இலக்கங்கள் மாறிவிடும். அவற்றைச் சரமாக அனுப்புங்கள்.

யூயூஐடி (எங்கும் திரும்ப வராதபடி உருவாக்கும் நீண்ட ஐடி) வேண்டுமென்றால் சார்(36)-இல் வைக்காதீர்கள். 36 பைட் ஒரு முறையோடு போகாது: இன்னோடிபியில் ஒவ்வொரு துணை இண்டெக்ஸும் பிரைமரி கீயின் (டேபிளின் முதன்மை ஐடி) நகலைச் சுமக்கும். பைனரி(16) வையுங்கள், போஸ்ட்கிரெஸில் யூயூஐடி என்றே டைப் உண்டு. முழுக்கத் தற்செயலான 4-ஆம் பதிப்பு, இண்டெக்ஸின் கண்ட இடத்திலும் புகுந்து பக்கங்களைப் பிளக்கும். 2024-இல் தரப்படுத்தப்பட்ட 7-ஆம் பதிப்பு நேர வரிசையில் வளர்வதால் அந்தச் சிக்கல் குறைவு. இந்தக் கடைக்கு உள்ளே பிக்இன்ட், வாடிக்கையாளர் பார்க்கும் ஆர்டர் எண்ணுக்குத் தனியாக ஒரு யூனிக் புலம் என்பதே போதுமானது. முகவரிப் பட்டையில் 1042 என்று தெரிந்தால் 1041-ஐயும் தட்டிப் பார்ப்பார்கள், போட்டிக் கடைக்காரர் உங்கள் ஆர்டர் எண்ணிக்கையையும் கணக்குப் போட்டுவிடுவார்.

சில்லறை

பூலியன் என்று மைஎஸ்க்யூஎல்லில் எழுதினாலும் உள்ளே டைனிஇன்ட்தான், 7 என்று போட்டாலும் வாங்கிக்கொள்ளும். "நீக்கப்பட்டதா" என்பதற்கு ஆம், இல்லை வைப்பதைவிட "நீக்கிய நேரம்" என்று, காலியாக (NULL) இருக்கவும் அனுமதிக்கும் டேட்டைம் வைத்தால் கூடுதல் தகவல் இலவசம்.

ஆர்டர் நிலைக்கு ஈனம் (ENUM, அனுமதித்த மதிப்புகளை வரிசையாக முன்பே அறிவிக்கும் டைப்) வைப்பவர்கள் அதிகம். நடுவில் ஒரு நிலையைச் செருகினால் டேபிளையே மறுபடி கட்ட வேண்டும், கடைசியில் சேர்த்தால் தேவையில்லை. வரிசைப்படுத்தல் அகரவரிசையில் வராது, அறிவித்த வரிசையில் வரும். ஈனத்தில் '0', '1', '2' போன்றவற்றை வைத்தால் விபரீதம்: மேற்கோள்குறி இல்லாமல் 2 என்று போட்டால் இரண்டாவது இடத்தில் உள்ள '1' பதிவாகும். வார்சார்(20)-உம் செக் விதியும் (சொன்ன மதிப்புகளை மட்டும் ஏற்கும்) போதும், மைஎஸ்க்யூஎல் 8.0.16-லிருந்துதான் செக் உண்மையிலேயே வேலை செய்கிறது. நிலைகளுக்குத் தமிழ்ப் பெயர், நிறம் என்று கூடுதல் விவரம் வேண்டுமென்றால் தனி டேபிள்.

ஜேசன் புலம் துணிக்கு நன்றாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: பொருளுக்குப் பொருள் மாறும் விவரங்கள். சேலைக்குக் கரை, முந்தி, பிளவுஸ் துணி உண்டா என்பது; வேட்டிக்கு எத்தனை முழம். ஆனால் வடிகட்டித் தேடும் விவரத்தை, விலையை, இருப்பை அதற்குள் ஒளிக்காதீர்கள். அங்கே ஃபாரின் கீ இல்லை. ஒருவர் "நிறம்" என்றும் இன்னொருவர் "கலர்" என்றும் சாவி வைத்தால் தடுக்க ஆளில்லை. போஸ்ட்கிரெஸில் ஜேசன்பி வையுங்கள்.

படங்களை டேபிளுக்குள் பிளாபாக (பைனரி டேட்டாவாக) வைக்க வேண்டாம். கோப்பு வெளியே, பாதை மட்டும் உள்ளே. இடக் குறிப்புக்கு (அட்ச, தீர்க்க ரேகை) டெசிமல்(9,6): ஆறாவது தசமம் சுமார் 11 செ.மீ. வரை துல்லியம்.

லேப்டாப்பில் எஸ்க்யூலைட், சர்வரில் மைஎஸ்க்யூஎல் என்று வைத்திருந்தால் மேலே சொன்ன பிழைகளில் பல சோதனையில் சிக்காது. எஸ்க்யூலைட் வார்சார்(5)-இல் ஐந்நூறு எழுத்தையும், இன்டிஜர் புலத்தில் "அப்புறம் சொல்கிறேன்" என்பதையும் வாங்கி வைத்துக்கொள்ளும். சர்வரில் உள்ள அதே டேட்டாபேஸை, அதே பதிப்பில் வைத்துச் சோதியுங்கள்.

இருக்கும் டேபிளை மாற்றுவது

முதலில் பேக்கப், அதை வேறு டேட்டாபேஸில் ஏற்றிப் பார்த்தல். பிறகு ஸ்டிரிக்ட் மோட் இருக்கிறதா என்று எஸ்க்யூஎல்_மோட் மதிப்பைப் பாருங்கள். மாற்றும் முன் ஒவ்வொரு புலத்திலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று எடுக்க வேண்டும்: நீளமான மதிப்பு எவ்வளவு, இலக்கம் அல்லாதது உண்டா, வெற்றுச் சரம் எத்தனை. விலையை ஃப்ளோட்டிலிருந்து டெசிமலுக்குக் கொண்டுவரும்போது புதிய புலம் ஒன்றைச் சேர்த்து, கேட்வேயின் அறிக்கையில் உள்ள தொகையோடு ஒப்பிட்டு நிரப்புங்கள். ஃப்ளோட் தொலைத்த பைசாவை ஆல்டர் (டேபிளை மாற்றும் கட்டளை) திருப்பித் தராது. கேட்வேயில் இல்லாத ரொக்க ஆர்டர்களுக்கு அச்சிட்ட பில்தான் ஆதாரம்.

இன்ட்டை பிக்இன்ட் ஆக்கும் ஆல்டர் மைஎஸ்க்யூஎல்லில் டேபிளை முழுக்க நகலெடுக்கும், முடியும் வரை எழுத முடியாது. சில ஆயிரம் பதிவுக்கு நொடிகளில் முடியும். கோடிக்கணக்கில் என்றால் ஜிஎச்-ஆஸ்ட் அல்லது பெர்கோனாவின் ஆன்லைன் ஸ்கீமா சேஞ்ச் கருவி வேண்டும். தாய் டேபிளையும் அதைச் சுட்டும் எல்லா ஃபாரின் கீ புலங்களையும் ஒரே அமர்வில் மாற்ற வேண்டியிருப்பதால், ஃபாரின் கீகளை முதலில் நீக்கி, இரு பக்கமும் மாற்றிவிட்டு, மறுபடி சேருங்கள். வார்சார் நீளத்தைக் கூட்டுவது சுலபம், அந்த 63 எழுத்துக் கோட்டைத் தாண்டாதவரை: வார்சார்(40)-ஐ 60 ஆக்கினால் உடனே முடியும், 60-ஐ 80 ஆக்கினால் நீளத்தைக் குறிக்கும் பைட் ஒன்றிலிருந்து இரண்டாக மாறுவதால் முழு டேபிளும் நகலெடுக்கப்படும். ஆகவே பெயர், முகவரி போன்ற வளரக்கூடிய புலங்களை முதலிலேயே 64-க்கு மேல் வைத்துவிடுங்கள்.